கச்சான் காற்றில் கனமான ரவை: ஜேஎஸ்பி எக்ஸாக்ட் ஹெவி 10.34 கிரெயின்

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் 25 மீட்டரைத் தாண்டி ஏர் ரைஃபிள் சுடுகிறவர்களுக்கு இந்த ஈய ரவையை (பெல்லட்) தயங்காமல் சொல்வேன், கையில் இருப்பது பிசிபி, அதாவது அழுத்திய காற்றை முன்கூட்டியே அடைத்துவைக்கும் துப்பாக்கி என்றால். ஸ்பிரிங் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் வாங்க வேண்டாம். கடையில் கேட்டால் "கனமா இருந்தா நல்லா அடிக்கும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எந்தத் துப்பாக்கியில், எவ்வளவு தூரத்தில் என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் சுடுவது உச்சிப்புளிப் பக்கத்துத் தென்னந்தோப்பில். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் ஒடுக்கமான நிலம். மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று கிளம்பிவிட்டால் மத்தியானத்துக்கு மேல் தென்னை மட்டை ஓயாது. பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் அந்தக் காலத்தில் ரயிலை நிறுத்திவைத்தார்கள் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த அளவுக்குக் காற்று அடிக்கும் நாளில் நாங்கள் துப்பாக்கியைத் தொடுவதில்லை. ஆனால் மணிக்கு 18 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 5 மீட்டர் காற்று என்பது இந்தப் பகுதியில் சாதாரணம். அரை கிராம் ஈயத்தைத் தள்ளிவிட அதுவே போதும்.

முன்பு போட்டுக்கொண்டிருந்தது இதே ஜேஎஸ்பி கம்பெனியின் 8.44 கிரெயின், அதாவது 0.547 கிராம். புதியது 10.34 கிரெயின், 0.67 கிராம். இரண்டுமே 4.5 மி.மீ. பேரலுக்கானவை, இடுப்பு ஒடுங்கிய டயபோலோ வடிவம், உருண்டை முனை. செக் நாட்டின் போகுமீன் நகரத்தில் செய்கிறார்கள். டப்பாவுக்கு 500.

என் பிசிபியில், ரவையின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் கருவியை வைத்துப் பார்த்தேன். 8.44 பேரலை விட்டு நொடிக்கு 252 மீட்டரில் போனது, 10.34 போனது 231 மீட்டரில். வேகம் குறைந்தாலும் சக்தி 17.4 ஜூலிலிருந்து 17.9 ஆகக் கூடியிருந்தது. காரணம் உண்டு. பிசிபியில் வால்வு திறந்ததும் அடைத்துவைத்த காற்று பேரல் நெடுகப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரும். கனமான ரவை மெதுவாக நகர்வதால் அந்தத் தள்ளலை அதிக நேரம் வாங்கிக்கொள்கிறது.

இதில் சட்டமும் இருக்கிறது. துளை 4.5 மி.மீட்டருக்கும் சக்தி 20 ஜூலுக்கும் மேற்படாமல் இருந்தால்தான் நம் ஊரில் ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. லேசான ரவையில் 19.5 ஜூல் காட்டும் பிசிபி, கனமான ரவையில் 20ஐத் தாண்டிவிடலாம். ரவையை மாற்றும் முன் தயவுசெய்து அளந்து பாருங்கள். குரோனோ இல்லாவிட்டால் வைத்திருப்பவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அடுத்தது காற்று. 30 மீட்டரில், நொடிக்கு 5 மீட்டர் குறுக்குக் காற்றில், பழைய ரவை நாலு சென்டிமீட்டருக்கும் மேலே ஒதுங்கும். புதியது மூன்று சொச்சத்தில் நிற்கிறது. கால் பங்கு குறைவு. கேட்க அற்பமாகத் தெரியலாம். ஆனால் கச்சான் ஒரே சீராக அடிக்காது, ஏறி ஏறி இறங்கும். ஒவ்வொரு ஏற்றத்திலும் கால் பங்கு மிச்சமாகும்போது, பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு கிடந்த குரூப் (தாளில் விழும் துளைகளின் கூட்டம்) கண்ணெதிரே சுருங்குகிறது. கல்லூரியில் என்சிசியில் இருக்கும் அண்ணன் மகள்தான் இதை முதலில் கவனித்தாள். "சித்தப்பா, வலது பக்கம் ஓடுறது குறைஞ்சிருக்கு பாருங்க" என்று டார்கெட் தாளை அவிழ்த்து வந்து காட்டினாள். நாங்கள் வடக்கு நோக்கி மண்மேட்டில் சுடுகிறோம், காற்று மேற்கிலிருந்து வரும், ஆகவே எப்போதுமே வலப்பக்கம்தான் இழுக்கும். காற்றைப் பார்க்க வலை நூலைக் குச்சிகளில் கட்டி, பாதித் தூரத்தில் ஒன்றும் தாளுக்குப் பக்கத்தில் ஒன்றும் நட்டிருக்கிறோம். எந்த ரவையாக இருந்தாலும் அந்த நூலைப் பார்க்காமல் சுடக் கூடாது.

நீரோட்டம் இழுக்கும் நாளில் தூண்டிலுக்குக் கனமான ஈயம் கட்டுவது மாதிரிதானே என்று ஒருவர் கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனால் இங்கே ஈயம் பறந்தாக வேண்டும். வேகம் குறைவதால் கீழே இறங்குவது கூடும். 8.44க்கு ஜீரோ பண்ணிய, அதாவது குறி சரியாகப் படும்படி திருத்திவைத்த ஸ்கோப்பை அப்படியே வைத்து 10.34 சுட்டால் 30 மீட்டரில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கீழே படுகிறது. ஸ்கோப்பை மறுபடி ஜீரோ பண்ணுங்கள், அதோடு சரி. இறக்கம் தினமும் ஒரே அளவு, கணக்குப் போட்டுத் திருத்திவிடலாம். காற்றுக்கு அப்படி நிலையான கணக்குக் கிடையாது. அதனால்தான் இந்தப் பேரம் நமக்கு லாபம்.

ஸ்பிரிங் துப்பாக்கியில் கதை வேறு. அங்கே பிஸ்டன் ஒரே பாய்ச்சலில் முன்னே வந்து காற்றை அமுக்குகிறது. கனமான ரவை நகரத் தாமதித்தால், அடைபட்ட காற்றில் மோதி பிஸ்டன் பின்னுக்குத் துள்ளும். என்னிடம் இருக்கும் ஸ்பிரிங் துப்பாக்கியில் 8.44 நொடிக்கு 235 மீட்டர், 15.1 ஜூல். 10.34 வெறும் 200 மீட்டர், 13.4 ஜூல். சுடும்போது தோளில் வரும் உதறலே மாறிவிடுகிறது. குரூப்பும் விரிகிறது. ஸ்பிரிங்குக்கும் நல்லதில்லை. அதற்கு 8 கிரெயின் பக்கமே இருங்கள்.

அப்படியானால் இன்னும் கனமாகப் போகலாமே என்று 13.43 கிரெயினும் பிசிபியில் போட்டுப் பார்த்தேன். வேகம் 205 மீட்டருக்கு இறங்கியது. அந்த ரவை நீளமானது, என் பேரலின் உள்ளே இருக்கும் முறுக்குக் கோடுகள் அதைப் போதுமான அளவு சுழற்றவில்லை என்று நினைக்கிறேன். வேறு பேரலில் நன்றாகப் போகலாம், எனக்கு 10.34தான் எல்லை. பெரிய துப்பாக்கிகளிலும் இந்த இழுபறி உண்டு. அமெரிக்க ராணுவத்தின் .30 அங்குலத் தோட்டா 1903இல் 220 கிரெயின் மொட்டை முனையோடு வந்தது, 1906இல் 150 கிரெயின் கூர்முனைக்கு மாறியது. .30-06 என்று பெயர்பெற்ற அந்த 1906 தோட்டாவில் பெரிய விலங்குகளை வேட்டையாடும் வெளிநாட்டுக்காரர்கள் இன்றும் 180, 220 கிரெயின் போடுகிறார்கள்.

வேட்டை என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டு விளம்பரங்களில் இந்த ரவையை வேட்டைக்கு என்று போட்டிருப்பார்கள். இங்கே 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. சக்கரக்கோட்டை, சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் என்று சுற்றிலும் பறவைகள் வந்து தங்கும் கண்மாய்கள். கொக்கு, நாரை மேல் குறிவைக்கிறவனுக்கு இந்த விமர்சனம் பயன்பட வேண்டாம். தாளும் தகர டப்பாவும் போதும். பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் சுடவே சுடாதீர்கள், கடலைப் பார்த்துச் சுடுவது அதைவிட மோசம்.

ஈயம் மிருதுவானது. எனக்குக் கூரியரில் வந்த ஒரு டப்பா நசுங்கி, பல ரவைகளின் பாவாடை (பின்பக்கம் விரிந்த பகுதி) விளிம்பு மடங்கிப்போயிருந்தது. அவை கண்ட இடத்துக்குப் போகும், பொறுக்கித் தள்ளத்தான் வேண்டியிருந்தது. முடிந்தால் கடைக்கு நேரில் போய்த் திறந்து பார்த்து வாங்குங்கள். உப்புக் காற்றில் டப்பா திறந்து கிடந்தால் ரவை மேல் வெள்ளைப் பூச்சு படியும். மூடிக்கு டேப் சுற்றி, உள்ளே ஒரு சிலிக்கா பொட்டலம் போட்டு வைக்கிறேன். சுட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவாமல் எதையும் தின்ன வேண்டாம், ஈயம் உடம்புக்கு ஆகாது.

10 மீட்டர் போட்டிப் பயிற்சிக்கு இதை வாங்காதீர்கள். அங்கே அறைக்குள் காற்றே இல்லை. ரைஃபிள் டார்கெட்டில் பத்து மதிப்பெண் தரும் இடம் என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. தட்டை முனை ரவை தாளை வட்டமாக வெட்டும், இந்த உருண்டை முனை கிழித்துவிடும், மதிப்பெண் பார்க்கவே முடியாது. அண்ணன் மகள் அதற்கு 8 கிரெயின் தட்டை முனை டப்பா ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறாள். தோப்புக்கு வந்தால் மட்டும் என்னுடைய டப்பாவில் கை வைக்கிறாள்.