பெயர் தெரியாத பறவை: படம் எடுப்பதா, குரலைப் பதிவதா?

நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் தெரியாத பறவை எதிர்ப்பட்டால் கமராவும் உண்டு, ஃபோனில் குரல்பதிவும் உண்டு. எது உதவும் என்பதைப் பறவைதான் தீர்மானிக்கும்.

வெள்ளைக்கண்ணி எனும் சிறு பறவைக்குப் படமே வேண்டும். இரண்டு இனம் உண்டு. இலங்கைக்கே உரியது சற்றுப் பெரியது, முதுகு மங்கிய கரும்பச்சை. மற்றது மஞ்சள் கலந்த வெளிர்பச்சை. நிறமே ஆதாரம் என்பதால் வெளிச்சம் பிழைத்தால் எல்லாம் பிழைக்கும். பின்னால் வெண்பனி மூட்டம் இருந்தால் கமரா ஏமாந்து பறவையைக் கறுப்பாக்கிவிடும்; எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1 முதல் +1.5 வரை கூட்டுங்கள். ஒரே கோணத்தில் இருபது படத்தைவிட, அலகும் கண்வளையமும் வாலடியும் தெரியும் மூன்று படம் மேல்.

அரெங்கா எனும் சீழ்க்கைப் பூங்குருவியிடம் கமரா பெரும்பாலும் தோற்கும். விடியலிலும் அந்தியிலும் ஓடையோர இருட்டில் திரியும் இருண்ட நிறப் பறவை அது. ஐஎஸ்ஓவை (கமராவின் ஒளி உணர்திறனை) 6400 வைத்தாலும் புள்ளி புள்ளியாய் ஒரு நிழல்தான் மிஞ்சும். குரலோ மெல்லிய, கூரிய 'ஸ்ரீ... ஸ்ரீ'. ஓடை இரைச்சலுக்கு மேலே, ஒலியைப் படமாய்க் காட்டும் ஒலிவரைபடத்தில் தனிக்கோடாக நிற்கும். ஃபோனை ஃப்ளைட் மோடில் போட்டு, வேவ் (WAV எனும் சுருக்காத ஒலிக்கோப்பு) வடிவில் அரை நிமிடமாவது பதியுங்கள். இரைச்சல் நீக்கியை அணைக்க மறந்தால் சீழ்க்கையையும் சேர்த்தே வெட்டிவிடும். முடிவில் இடமும் நேரமும் சொல்லுங்கள். பதிந்ததை அங்கேயே ஒலிக்கவிடவே கூடாது: எதிரி வந்துவிட்டதென்று பறவை கலங்கும்.

சந்தேகமென்றால் முதலில் பதிவை அமுக்கி ஃபோனைச் சட்டைப்பைக்கு வெளியே பிடியுங்கள். கமராவை அப்புறம் தூக்கலாம்.