மட்டையை நீட்டினாலே ஸ்டிரைக்கா? 60 வெள்ளி அம்பயர் வகுப்புக்குப் போய் வந்தேன்

மகன் பேஸ்பால் ஆடத் தொடங்கி இரண்டு வருஷம் ஆகிறது. சனிக்கிழமை வெயிலில் நின்று அம்பயரைத் திட்டும் அப்பாக்களில் நானும் ஒருவன். எல்பிடபிள்யூவே புரிந்தவனுக்கு இது என்ன பெரிய விஷயம் என்ற நினைப்பு வேறு. போன மாதம் ஒரு பையன் பன்ட் அடிக்க (மட்டையை வீசாமல் பந்தை மெல்லத் தட்டிவிட) மட்டையைப் பிளேட்டுக்கு, அதாவது தரையில் பதித்த தட்டுக்கு, மேல் நீட்டிப் பிடித்தான், பந்து முழங்காலுக்குக் கீழே போனது, அம்பயர் 'பால்' (ball, வீசியவன் கணக்கில் தப்பு) என்றார். நீட்டிவிட்டானே, ஸ்டிரைக்தானே (மட்டையாளன் கணக்கில் தப்பு, மூன்று சேர்ந்தால் அவுட்) என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற பெரியவர், "தம்பி, ஒரு நாள் வகுப்பு இருக்கு, 60 வெள்ளிதான், படிச்சிட்டு வந்து கத்துங்க" என்றார். ரோஷத்தில் பதிந்துவிட்டேன்.

காலை மூன்று மணி நேரம் அறைக்குள், மதியம் திடலில். கொடுத்த காசுக்குக் காலைப் பாதியே போதும் என்பேன். பயிற்றுநர் மட்டையை நீட்டியபடி அசையாமல் நின்றார், உதவியாளர் பந்தைத் தாழ்வாக வீசினார், "என்ன சொல்வீர்கள்?" என்றார். பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் ஸ்டிரைக் என்றோம். தப்பு. மட்டை எங்கே இருக்கிறது என்பது கணக்கே இல்லை, அது பந்தை நோக்கிப் போனதா என்பதுதான் கேள்வி. பந்தை அடிக்க முயன்று தவறினால் ஸ்டிரைக். சும்மா நீட்டிக்கொண்டு நின்றால் அது முயற்சி ஆகாது, அப்போது பந்து போன இடத்தை மட்டும் பார்க்க வேண்டும். ஸ்டிரைக் கட்டத்துக்குள் (பிளேட்டுக்கு மேலே பந்து போக வேண்டிய இடம்) போயிருந்தால் அவன் மட்டையை இழுத்துக்கொண்டாலும் ஸ்டிரைக்தான். இதையே இருபது தடவை விதவிதமாகச் செய்து காட்டினார், பதினைந்தாவதில்தான் என் கண் மட்டையை விட்டுவிட்டு அதன் அசைவைப் பார்க்கத் தொடங்கியது.

பன்ட்டுக்காகப் பையன் குனிந்தால் ஸ்டிரைக் கட்டமும் குனியுமா என்று கேட்டேன். குனியாதாம். தோளுக்கும் கால்சட்டையின் மேல் விளிம்புக்கும் நடுவில் தொடங்கி முழங்கால் சில்லுக்குக் கீழ்ப் பள்ளம் வரை, அகலம் பிளேட்டின் 17 அங்குலம். மட்டையை வீசிப் பந்தை அடிக்கத் தயாராக நிற்கும் நிலையை வைத்துத்தான் அளவு. (1951இல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணி 3 அடி 7 அங்குல உயரமுள்ள எடி கெய்டலை ஒரே ஒரு தடவை இறக்கி, நாலு பந்தும் அந்தக் குட்டிக் கட்டத்துக்கு வெளியே போய் 'பால்' ஆனதால் நடந்தே முதல் பேஸுக்குப் போக வைத்த கதையையும் சொன்னார். அறையே சிரித்தது.) இரண்டு ஸ்டிரைக் ஆன பிறகு பன்ட் அடித்து அது ஃபவுல் ஆனால் (கோட்டுக்கு வெளியே போனால்) அவுட். அடிக்க முயலும்போது பந்து உடம்பில் பட்டால், மற்ற நேரம்போல் முதல் பேஸ் இலவசமாகக் கிடையாது, அது ஸ்டிரைக். இவ்வளவு நாள் இதற்கெல்லாம் நான் போட்ட சத்தத்தை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

குறைகள் உண்டு. பாதி வீச்சில் நிறுத்தும் மட்டையை எப்படித் தீர்ப்பது என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது, அதைப் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். மணிக்கட்டு திரும்பியதா, மட்டை பிளேட்டைத் தாண்டியதா என்று டிவியில் பேசுவதெல்லாம் விதிப் புத்தகத்தில் இல்லை, அடிக்க முயன்றானா என்பதுதான் இங்கேயும் கேள்வி, அம்பயர் 'பால்' என்று சொன்னால் மட்டுமே பேஸ் அம்பயரிடம் கேட்கச் சொல்லலாம் என்றார்கள். சரி, அப்புறம்? பயிற்சி எங்கே? அமெரிக்காவில்தான் 2026 முதல் கேமராவிடம் முறையிடும் வசதி வந்துவிட்டதே என்று ஒருவர் கேட்டார். அது பந்து போன இடத்தை மட்டும்தான் சொல்லும், முயற்சியைச் சொல்லாது என்று பதில் வந்தது. அதனால்தானே ஐயா இன்னும் ஒரு மணி நேரம் கேட்கிறோம்.

திடலில் ஆளுக்கு எட்டுப் பந்துதான் கிடைத்தது. கேட்சருக்கும் மட்டையாளருக்கும் நடுவே தலையை வைத்து நிற்கும்போது முதல் மூன்று பந்துக்குக் கண்ணை மூடிக்கொண்டேன், மீதி ஐந்தில் என்ன படிப்பது? ஆளுக்கு முப்பது பந்தாவது வேண்டும்.

5க்கு 3.5 தருவேன். பேஸ்பால் பிள்ளைகளின் அப்பா அம்மா காலை வகுப்புக்காகவே போகலாம். திடலில் நிழல் கிடையாது, தண்ணீர் இரண்டு போத்தல் எடுத்துக்கொள்ளுங்கள். முகக்கவசம் யாரிடமாவது இரவல் கிடைத்தால் அதையும். அங்கே கொடுத்தது எனக்கு முன்னால் எத்தனை பேர் வியர்வையில் ஊறியதோ, இரண்டு தடவை தலைக்குக் குளித்தும் வாடை போகவில்லை.