கூந்தன்குளமா, திருப்புடைமருதூரா, டவுனா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் ஒரு கேமரா, பையில் ஒன்றோ இரண்டோ லென்ஸ். நெல்லையிலிருந்து கிளம்பி சாயங்காலத்துக்குள் வீடு திரும்பிவிட வேண்டும், மறுநாள் வேலை இருக்கிறது. இந்த நிலைமையில் எங்கே போகலாம் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் சொல்வது கூந்தன்குளம். நான் திருப்புடைமருதூர் என்பேன், கூடவே கல்லிடைக்குறிச்சியையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். நெல்லை டவுனுக்கும் இந்தப் போட்டியில் இடமுண்டு, ஆனால் அது வேறு மாதிரியான படத்துக்கு.

முதலில் கூந்தன்குளம். மூலைக்கரைப்பட்டி பக்கம், நெல்லையிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். 1994-இல் சரணாலயம் ஆனது, 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. கூந்தன்குளம், காடன்குளம் இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 129 ஹெக்டேர். இந்த அளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் லென்ஸ் விஷயமே இதில்தான் இருக்கிறது. இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளும், வந்திருந்தால் பூநாரைகளும், குளத்தின் நடுவில் எங்கோ நிற்கும். 300 எம்எம் லென்ஸில் அவை புள்ளிகள். 500, 600 என்று போனால்தான் முகம் தெரியும். அந்த லென்ஸ் இருந்தாலும் வெயில் ஏறிவிட்டால் தண்ணீருக்கு மேல் கானல் நெளிய ஆரம்பித்துவிடும், ஃபோகஸ் சரியாகவே இருந்தும் படம் மொழுமொழுவென்று வரும், லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆகவே நீர்ப்பறவைக்கு விடிந்ததிலிருந்து எட்டரை, ஒன்பது மணி வரைதான் நேரம். அதற்கு இருட்டிலேயே கிளம்ப வேண்டும், பஸ்ஸை நம்பிப் போக முடியாது, பைக்கோ காரோ வேண்டும்.

ஆனால் கூந்தன்குளத்துக்கு இன்னொரு முகம் இருக்கிறது, என்னைக் கேட்டால் அதுதான் நல்ல முகம். குளத்தை விட்டுவிட்டு ஊருக்குள் வாருங்கள். வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மரங்களில் வர்ண நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டியிருக்கும், கீழே துணி காய்ந்துகொண்டிருக்கும், மேலே குஞ்சுகள் கத்திக்கொண்டிருக்கும். இங்கே 70-300 லென்ஸ் தாராளமாகப் போதும். வெயில் ஏறியதும் தாய் நாரை சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, சிறகை விரித்துத் தொங்கவிட்டுக் குஞ்சுகள் மேல் நிழல் போடும். அலகு லேசாகத் திறந்திருக்கும், தொண்டை துடித்துக்கொண்டே இருக்கும், கால் மட்டும் அசையாது. மரத்தடியில் பொறுமையாக நின்றால் அரை மணி நேரத்துக்குள் இதைப் பார்த்துவிடலாம், எந்த அருவிப் படத்துக்கும் நான் இதை மாற்றிக்கொள்ள மாட்டேன். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தின் அளவை மட்டும் அரை ஸ்டாப்பிலிருந்து முக்கால் ஸ்டாப் வரை குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வெள்ளை இறகெல்லாம் வெறும் வெள்ளையாகிவிடும்.

ஒன்றை அழுத்தமாகவே சொல்கிறேன். அந்த ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, கூட்டிலிருந்து விழும் குஞ்சுகளை எடுத்து வளர்த்திருக்கிறார்கள். அங்கே போய்ப் பறக்கும் படம் வேண்டும் என்று கைதட்டுவதோ, கல் எறிவதோ, ட்ரோன் விடுவதோ மகா அநியாயம். கொல்லைப்புறத்துக்குள் போவதற்கு முன் வீட்டில் இருக்கும் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள்.

கூந்தன்குளத்தில் உள்ள பெரிய சிக்கல் தண்ணீர். வடகிழக்குப் பருவமழையும் மணிமுத்தாறு அணைத் தண்ணீரும் வந்தால்தான் குளம் பெருகும், குளம் பெருகினால்தான் பறவை. நல்ல மழை பெய்த வருஷம் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை அருமை. மழை பொய்த்த வருஷத்திலும் ஆகஸ்ட், செப்டம்பரிலும் போனால் கருவேல மரங்களைத்தான் எடுத்துவிட்டு வர வேண்டும்.

இப்போது திருப்புடைமருதூர். தாமிரபரணியோடு கடனாநதி வந்து சேரும் இடம், ஆற்றங்கரையில் நாறும்பூநாதர் கோயில், சுற்றிலும் வயசான மருத மரங்களும் இலுப்பையும். 2005 பிப்ரவரி 14-ஆம் தேதி இந்தக் கோயிலையொட்டிய தோப்பைப் பறவைகளுக்கான பாதுகாப்புப் பகுதியாக (Conservation Reserve, சரணாலயத்திலிருந்து வேறு வகை) அரசு அறிவித்தது, அந்த வகையில் இந்தியாவிலேயே முதலாவது இதுதான். பரப்பளவோ மூன்று ஹெக்டேர்கூட இல்லை. இந்தச் சின்ன அளவுதான் நமக்கு வரம். பறவை தூரமாகப் போய் உட்கார இடமில்லை, தலைக்கு மேலேயே இருக்கும். ஊர்க்காரர்களே காத்த இடம் என்பதால் பறவையும் ஆளைக் கண்டு அவ்வளவாக மிரளுவதில்லை.

பறவை இல்லாத நாளிலும் அங்கே வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்காது, கூந்தன்குளத்தோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இதுதான். ஆறு இருக்கிறது, படித்துறை இருக்கிறது, குளிக்க வருகிறவர்கள் இருக்கிறார்கள், பாறை இடுக்கில் ஓடும் தண்ணீர் இருக்கிறது. மரநிழல் அடர்த்தியாக இருப்பதால் பத்து, பதினொரு மணிக்குக்கூட முகத்தில் கடும் நிழல் விழாமல் படம் எடுக்கலாம். பாறையும் தண்ணீரும் எடுப்பவர்கள் ஒரு போலரைசர் ஃபில்டர் வைத்துக்கொண்டால் மேலே அடிக்கும் பளபளப்பு போய் அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும். கோயில் கோபுரத்தின் நிலைகளுக்குள் பழைய சுவரோவியங்களும் மரச் சிற்பங்களும் உண்டு, அவை அனுமதி கிடைத்தால்தான், அதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

அப்புறம் வழி. திருநெல்வேலி - தென்காசி பாசஞ்சரில் ஏறி வீரவநல்லூரில் இறங்கி ஆட்டோ பிடித்துவிடலாம். திரும்பி வந்து அதே தடத்தில் அடுத்த ஸ்டேஷன் கல்லிடைக்குறிச்சி. அங்கே அக்ரஹாரத் தெருக்கள், கன்னடியன் கால்வாய், வீட்டு வாசலிலும் மொட்டை மாடியிலும் காயும் அப்பளம். இளவெயிலில் ஓரம் லேசாகச் சுருண்டு தரையை விட்டு எழும்பும் அப்பளத்தைத் தரைமட்டத்துக்குக் குனிந்து 50 எம்எம்மில் எடுத்துப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு மெல்லிய நிழல் தனித்தனியாகத் தெரியும். அடுக்கும் பெண்களின் கை வேகம் இன்னும் நல்ல படம், ஆனால் கேட்டுவிட்டு எடுங்கள். நேரம் இருந்தால் பத்தமடையில் கோரைப்பாய் நெசவு. ஆற்றுப் பாசனம் என்பதால் கார், பிசானம் என்று இரண்டு போகம், ஆகவே நடவுப் பச்சையோ அறுப்பு மஞ்சளோ ஏதாவது ஒன்று வருஷத்தில் பெரும்பகுதி கண்ணில் படும். கேமராவோடு சேர்ந்தே வரும் ஒரு சாதாரணக் கிட் லென்ஸ் வைத்திருப்பவருக்கு இவ்வளவு விஷயம் ஒரே ரயில் தடத்தில் வேறெங்கே கிடைக்கும்?

குற்றாலத்தை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். ஜூன், ஜூலை சாரலில் குளிக்கப் போங்கள், சுகமாக இருக்கும். கேமராவுக்கு அது சரிப்படாது. பேரருவி, ஐந்தருவி இரண்டிலும் தண்ணீரைவிடத் தலைகள்தான் அதிகம், லென்ஸ் முழுக்க நீர்த்துளி. அந்த நாட்களில் சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி பூத்திருந்தால் அது வேறு விஷயம், வரப்பில் நின்று எடுங்கள், செடிக்குள் இறங்காதீர்கள். முண்டந்துறைக் காடு அரை நாளில் ஆகிற காரியமே இல்லை. கங்கைகொண்டானில் புள்ளிமான் பார்க்கலாம், அவ்வளவுதான்.

டவுனுக்கு வருவோம். இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது, வண்டி இல்லை, போன் கேமராவோ ஒரு 35 எம்எம்மோதான் கையில் என்றால் நான் தயங்காமல் டவுனைச் சொல்வேன். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை போடச் சொன்னதிலிருந்து நெல்லையப்பர் கோயிலின் உட்புறத்தைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். வெளியே நான்கு ரத வீதிகளே போதும். காலையில் பூக்கடை, சாயங்காலம் அல்வாக் கடை வாசலில் சேரும் கூட்டம், கடை விளக்கு எரியத் தொடங்கியும் வானத்தில் நீலம் மிச்சமிருக்கும் அந்தக் கால் மணி நேரம். விடியலில் என்றால் குறுக்குத்துறை. ஆற்றுக்கு நடுவே பாறை மேல் முருகன் கோயில், வெள்ளம் வந்தால் தண்ணீர் பிரிந்து போகிற மாதிரி முன்பக்கம் கூராகக் கட்டியிருக்கிறார்கள். மதிய வெயிலில் டவுன் சுத்தமாக எடுபடாது, அந்த நேரத்துக்கு வீட்டில் சாப்பிட்டுத் தூங்கலாம்.

டவுன் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிடும் நாள் ஒன்று உண்டு, ஆனித் தேரோட்டம். பிள்ளையார், முருகன், சுவாமி, அம்பாள், சண்டிகேசுவரர் என்று ஐந்து தேர். எல்லோரும் தேர் நேராக வரும்போது எடுக்க முண்டியடிப்பார்கள். நீங்கள் ரத வீதி மூலையில், திருப்பத்தில் ஏதாவது ஒரு மாடியில் முன்கூட்டியே கேட்டு இடம் பிடித்துவிடுங்கள். தேர் திரும்ப நேரமெடுக்கும், தேரைத் திருப்பவும் நிறுத்தவும் சக்கரத்துக்கு அடியில் சறுக்குக்கட்டை போடுகிறவர்களின் முகமும் கையும் அங்கேதான் நின்று நிதானமாகக் கிடைக்கும். ஷட்டர் வேகம் 1/500 நொடியைவிட மெதுவாகப் போக வேண்டாம், தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், பெரிய பையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.