சியாங் மாயா, பினாங்கா?

ரிட்டயர் ஆனதும் லண்டன் வாடகையிலிருந்து தப்பித்துக் கிழக்கே போய்விடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் முதலில் கேட்பது, "மாசம் எவ்வளவு ஆகும்?" என்னைக் கேட்டால் அது மூன்றாவது கேள்வி. உள்ளே நுழைய எவ்வளவு பணத்தை முடக்க வேண்டும், உடம்புக்கு முடியாமல் போனால் என்ன செய்வது, இந்த இரண்டும் அதற்கு முன்னால் வர வேண்டும். தாய்லாந்தின் சியாங் மாயும் மலேசியாவின் பினாங்கும் அன்றாடச் செலவில் பெரிதாக விலகி நிற்கவில்லை. விலகுவது வாசலில்.

சியாங் மாயின் வாசல் தாழ்வானது. வயது 50 ஆகியிருக்க வேண்டும். தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாட் அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். விசாவின் ஒரு வருட நீட்டிப்புக்குக் கட்டணம் 1,900 பாட். வங்கியில் பணம் காட்டுகிறவர்கள் விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்து, கிடைத்தபின் மூன்று மாதம் வரை முழுத்தொகையையும் தொடக்கூடாது. மற்ற மாதங்களிலும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. அதாவது பாதிப் பணம் நிரந்தரமாகத் தூங்கும். உங்கள் பெயரில்தான் தூங்கும் என்பது ஆறுதல்.

பினாங்குக்கு வேறு கதை. வெளிநாட்டவரை நீண்டகாலம் தங்க அனுமதிக்கும் 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' திட்டம் 2002-இல் தொடங்கியபோது நடுத்தர ஓய்வூதியக்காரருக்கும் எட்டியது. 2021-இல் கதவை இறுக்கினார்கள். 2024-இல் சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று படி பிரித்தார்கள். சில்வருக்கே 1,50,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை, கூடவே குறைந்தது 6 லட்சம் ரிங்கிட்டில் வீடு. வெளிநாட்டவர் வாங்கும் வீட்டுக்கு மாநில அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச விலை இதைவிட அதிகமாகவும் இருக்கலாம். இவ்வளவையும் இறக்கிவிட்டு "பினாங்கில் சாப்பாடு மலிவு" என்று பேசுவது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது.

அதற்காக சியாங் மாய்க்கு உடனே மாலை போட்டுவிட முடியாது. அங்கே பணம் சில்லறையாகக் கரையும். அபார்ட்மென்ட் ஒப்பந்தத்தில் வாடகையைப் பார்க்கிறோம், மின்சார யூனிட் விலை எழுதிய வரியைத் தாண்டிவிடுகிறோம். மின்வாரியம் நேரடியாக வாங்குவது யூனிட்டுக்கு ஏறக்குறைய 4 பாட். பல கட்டட உரிமையாளர்கள் 7, 8 என்று வைத்து வாங்குகிறார்கள். ஏப்ரலில் இரவெல்லாம் ஏசி ஓடினால் அந்த ஒரு வரியின் அருமை தெரியும்.

அதைவிடப் பெரிய செலவு புகை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சுற்றுவட்டாரத்தில் வயலையும் காட்டையும் எரிப்பார்கள். நகரத்தின் தலைமாட்டில் நிற்கும் தோய் சுதேப் மலையே சில நாட்கள் கண்ணுக்குத் தெரியாது. வசதி உள்ளவர்கள் தெற்கே கடலோரம் போய்விடுவார்கள். அந்த வாரங்களுக்கு இரண்டு வாடகை. யாருடைய மாதாந்திர பட்ஜெட்டிலும் இதை நான் பார்த்ததில்லை. பினாங்குக்கும் சுமாத்ராவிலிருந்து புகைமூட்டம் வருவதுண்டு, ஆனால் வருடம் தவறாமல் அல்ல.

காகித வேலையும் சியாங் மாயில் அதிகம். 90 நாளுக்கு ஒருமுறை முகவரி தெரிவிக்க வேண்டும். நாட்டை விட்டு வெளியே போகுமுன் 1,000 பாட் கட்டி மறுநுழைவு அனுமதி வாங்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் மகள் பிரசவத்துக்கு அவசரமாகக் கிளம்பியதில் இதை மறந்துவிட்டார். விமானம் ஏறியதோடு நீட்டிப்பு செத்தது. திரும்பி வந்து முதலிலிருந்து தொடங்கினார்.

மருத்துவத்தில் இரண்டு ஊரிலும் நல்ல தனியார் மருத்துவமனைகள் உண்டு. ஆனால் வலி எங்கே, எப்படி என்று ஆங்கிலத்தில் எளிதாகவும், பல நேரம் தமிழிலேயும் சொல்ல முடிவது பினாங்கில்தான். வயதானவருக்கு இது சின்ன விஷயமில்லை. வரியிலும் பினாங்குக்கே ஒரு புள்ளி: தனிநபர் வெளிநாட்டு வருமானத்துக்கு மலேசியா 2036 வரை விலக்கு நீட்டியிருக்கிறது. தாய்லாந்தோ 2024 முதல், வருடத்தில் 180 நாள் தங்குகிறவர் உள்ளே கொண்டுவரும் வெளிநாட்டு வருமானத்துக்கு வரி கேட்கிறது. இரட்டை வரி ஒப்பந்தம் இருந்தால் சுமை குறையலாம்.

பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியத்தை நம்பிப் போகிறவர்களுக்கு இரண்டு ஊரும் ஒரே அடிதான். இரு நாடுகளிலும் அந்தத் தொகை உறைந்துவிடும். 2016-இல் வாரம் 155.65 பவுண்டு முழு ஓய்வூதியத்தோடு போனவர் இன்றும் அதையே வாங்குகிறார். ஊரிலேயே இருந்திருந்தால் 2025-இல் 230.25 ஆகியிருக்கும். இதே ஓய்வூதியம் போர்ச்சுகலிலும் பிலிப்பைன்சிலும் வருடா வருடம் ஏறுகிறது. மலிவு நாட்டுப் பட்டியல்களில் இந்த வித்தியாசத்தைத் தேடினால் கிடைக்காது.

என் தேர்வு: வீட்டை விற்ற பெரிய தொகை கையில் இருந்து, எழுபதுக்குப் பிறகான நாட்களை நினைத்துப் போகிறவருக்குப் பினாங்கு. வாடகைக்கு இருந்து, பிடிக்காவிட்டால் பெட்டியைக் கட்ட நினைக்கிறவருக்குச் சியாங் மாய். ஆனால் பார்த்துவரும் முதல் பயணத்தை மார்ச் மாதத்தில் வையுங்கள். டிசம்பர் குளிரில் மயங்கி கான்டோ (அடுக்குமாடி வீடு) வாங்கியவர்கள் மார்ச்சில் போன் செய்து, விற்றுத் தர ஆள் தெரியுமா என்று கேட்கிறார்கள்.