95 டெசிபல் ஸ்பீக்கருடன் சில சாரல் காலங்கள்

செங்கோட்டையில் எங்கள் வீடு ஓட்டு வீடு. ஜூனில் சாரல் பிடித்தால் ஓட்டின் மேல் விழும் மழைச் சத்தத்தைத் தாண்டித்தான் பாட்டு கேட்க வேண்டும். அலமாரியில் வைக்கும் 85 டெசிபல் ஜோடியைக் கொடுத்துவிட்டு 95 டெசிபல் ஸ்பீக்கருக்கு மாறியது அதனால்தான். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எவ்வளவு ஓசை வரும் என்பதே இந்த எண். பத்து டெசிபல் வித்தியாசம் பார்வைக்குச் சிறியது. மின்சாரக் கணக்கில் பத்து மடங்கு.

அதைச் செண்டை மேளத்தில் கேட்க வேண்டும். கேரளத்து ஆரியங்காவுக்கு இந்தப் பக்கம் இருந்தாலும் தவிலுக்குச் சமமாக எங்கள் கூடத்தில் செண்டையும் ஒலிக்கும். ஒரு கோல் அடி சராசரி ஓசையைவிட 20 டெசிபல் எழும்பினால், அந்தக் கணத்துக்கு நூறு மடங்கு வாட் வேண்டும். பழைய ஜோடி ஒரு வாட்டில் பாடிக்கொண்டிருக்கும்போது 100 வாட் கேட்கும். என் ஆம்ப்ளிஃபையரோ 25 வாட். அடி மழுங்கித்தான் வந்தது. புதியதற்கு அதே இடத்தில் 10 வாட் போதும். தோலில் கோல் பட்டு விலகும் அந்த வெடிப்பு இப்போது முழுதாக வருகிறது. இத்தனைக்கும் இதுகூடக் கொடுத்த மின்சாரத்தில் ஏறக்குறைய இரண்டு சதவீதத்தைத்தான் ஓசையாக்குகிறது. மிச்சமெல்லாம் பெரும்பாலும் கூம்பை அசைக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயிலில் சூடாகிப் போகிறது.

விலை வேறு விதத்தில் கொடுக்க வேண்டியிருக்கிறது. கேஎல்எச் என்ற அமெரிக்க ஸ்பீக்கர் நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஹாஃப்மன் சொன்ன விதி இது: அதிகத் திறன் (குறைந்த வாட்டில் அதிக ஓசை), ஆழமான பேஸ் (அடித்தொனி), சிறிய பெட்டி மூன்றும் ஒன்றாகக் கிடைக்காது. திறன் குறையாமல் பேஸ் 50 ஹெர்ட்ஸிலிருந்து 40க்கு இறங்கப் பெட்டி ஏறக்குறைய இரு மடங்காக வேண்டும். 25க்கு இறங்க எட்டு மடங்கு. என்னுடையது 12 அங்குலக் கூம்பு, இடுப்பளவு உயரம். அப்படியும் 50க்குக் கீழே ஓய்ந்துவிடுகிறது. இடமில்லாமல் போன சாய்வு நாற்காலியை அப்பா திண்ணைக்குக் கொண்டுபோய்விட்டார்.

இன்னொரு குறை இரைச்சல். ஆம்ப்ளிஃபையரின் மெல்லிய 'ஸ்ஸ்' பழைய ஜோடியில் கேட்டதே இல்லை. இதில் மழை விட்ட இரவுகளில் நன்றாகவே கேட்கிறது. அமைதியான ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் இந்த வகையைத் தொடாதீர்கள்.

வாங்கும்போது ஓம் (மின்தடை) அளவையும் பாருங்கள். 2.83 வோல்ட் கொடுத்து அளந்த டெசிபல் எண் என்றால், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு வாட். 4 ஓமுக்கு இரண்டு வாட். அங்கே 3 டெசிபல் சும்மா கூடித் தெரியும்.

சிறிய அறையில் பக்கத்தில் அமர்ந்து கேட்பவருக்கு 86, 87 டெசிபல் தாராளம். எங்கள் கூடத்துக்கு நான் இதை மாற்றப் போவதில்லை. 50க்குக் கீழே மட்டும் பேஸுக்கான தனி ஸ்பீக்கரான சப்வூஃபர் சேர்க்கப் போகிறேன். அதற்குள்ளேயே பெரிய ஆம்ப்ளிஃபையர் இருப்பதால், திறன் குறைந்த சிறிய பெட்டியே போதும்.