சி6-5 என்று ஒட்டி விற்ற ராக்கெட் மோட்டார்

முதல்முறையாக மாடல் ராக்கெட் கிட் வாங்கியவர்கள், மோட்டாரை ராக்கெட்டுக்குள் செருகுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு விற்கப்பட்ட மோட்டார்களில் பாராசூட்டைத் திறக்கும் பகுதியே கிடையாது. அதை மறைக்க மேலே வேறு எண்ணை ஒட்டியிருந்தார்கள். இரண்டாவது முறை ஏவியபோது ராக்கெட் தலைகீழாக வந்து, அக்கா மகள் நின்ற இடத்திலிருந்து ஏழெட்டு அடி தள்ளித் தரையில் குத்தியது. அவளுக்குப் பதினோரு வயது.

கிட்டை இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். ‘தொடக்கநிலை, எல்லாம் அடங்கியது’ என்று போட்டிருந்தார்கள். ஆறு மோட்டார், அவற்றைப் பற்றவைக்கும் இக்னைட்டர்கள், பாராசூட், குழாய், வால்பக்க இறக்கைகளான ஃபின்கள் எல்லாம் வந்தன. பாராசூட் கருகாமல் இருக்க நடுவில் வைக்கும் தீப்பிடிக்காத தாள் மட்டும் இல்லை. அதைத் தனியாக வாங்கிக்கொண்டேன். பால்சா என்ற லேசான மரத்தில் செய்த அந்த ஃபின்களிலும் கோளாறு இருந்தது. மரத்தின் இழை ஃபினின் முன்விளிம்பை ஒட்டி வெளிப்பக்கமாக ஓட வேண்டும். இதில் குழாய்க்கு இணையாக ஓடியது. அப்படி வெட்டினால் சின்னத் தட்டுக்கே அடியோடு ஒடிந்துவிடும். இரண்டை நானே புதிதாக வெட்டி ஒட்டினேன். அந்த இடத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கிட்டோடு வந்த தாளில், முதல் பறப்புக்கு ஏ8-3 போடச் சொல்லியிருந்தது. எங்களுக்கு வந்த ஆறும் சி6-5. கேட்டதற்கு, “சி என்றால் இன்னும் உயரமாகப் போகும், உங்களுக்கு லாபம்தானே” என்று பதில் வந்தது. இந்தக் குறியீட்டைப் புரிந்துகொண்டால்தான் மீதிக் கதை விளங்கும். எழுத்து, மோட்டார் மொத்தமாகத் தரும் உந்துதலின் அளவு. ஒவ்வொரு எழுத்துக்கும் உச்சவரம்பு இரட்டிப்பாகும்: ஏ என்றால் 2.5 நியூட்டன் வினாடி வரை, பி 5 வரை, சி 10 வரை. அடுத்த எண் சராசரித் தள்ளுவிசை, நியூட்டனில். கோடு போட்டு வரும் கடைசி எண்தான் உயிர்நாடி. மோட்டாருக்குள் இருக்கும் எரிமருந்து எரிந்து முடிந்த பிறகு எத்தனை வினாடி கழித்து வெடிப்பு நடந்து பாராசூட்டை வெளியே தள்ளும் என்பதை அது சொல்கிறது. அந்த இடைவெளியில் ராக்கெட் வந்த வேகத்திலேயே மேலே ஏறிக்கொண்டிருக்கும், பின்னால் புகைக்கோடு விடும். உச்சிக்குப் போய் வேகம் தணியும் நேரத்தில் பாராசூட் திறக்கும்.

அக்கா மகள் இதை மனப்பாடம் செய்துவிட்டாள். மருந்து எரிந்து முடிந்ததும் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணுவது தன் வேலை என்று சொல்லிக்கொண்டாள்.

ஏவுவதற்கு முன் சுழற்றிப் பார்த்தோம். மோட்டாரையும் பாராசூட்டையும் உள்ளே வைத்து, ராக்கெட் சமமாக நிற்கும் இடத்தில் நூல் கட்டித் தலைக்கு மேல் சுற்றினால், மூக்கு முன்னோக்கிப் போக வேண்டும். போனது. அதாவது எடை மையம், காற்றின் விசை மொத்தமாகப் படும் காற்றழுத்த மையத்துக்குப் போதுமான அளவு முன்னால் இருந்தது. ராக்கெட்டில் குறையில்லை என்பதற்காகச் சொல்கிறேன். பின்னால் இதுவும் விவாதமானது.

முதல் பறப்பு. ஏவுகம்பியிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நின்றோம். பொத்தானை அழுத்தியதும் நேராகக் கிளம்பியது, அழகான ஏற்றம். இரண்டு வினாடிகூட ஆகியிருக்காது, முழு வேகத்தில் போகும்போதே மூக்குக் கூம்பு கழன்று பாராசூட் வெளியே வந்தது. அந்த வேகத்தில் அது தாங்குமா? கிழிந்து, ஓரம் உருகி, துணித்துண்டாகக் கீழே வந்தது. மூக்கைப் பிடித்திருக்கும் ரப்பர்க் கயிறு குழாயின் வாயைக் கத்தி போலக் கிழித்திருந்தது.

“சித்தி, நான் ஒண்ணுகூட எண்ணலையே” என்றாள்.

நான் காதில் வாங்கவில்லை. பாராசூட்டைத் தப்பாக மடித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

விற்பனையாளருக்குப் படங்களோடு எழுதினேன். உடனே பதில் வந்தது, அதுவும் ரொம்ப அக்கறையாக: “மூக்குக் கூம்பு தளர்வாக இருந்திருக்கும். புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. டேப் சுற்றி இறுக்கிவிடுங்கள்.” நம்பினேன். குழாயின் கிழிந்த பகுதியை வெட்டி ஒட்டி, புதுப் பாராசூட் மாட்டி, கூம்பில் இரண்டு சுற்று டேப் போட்டேன். தான் விற்ற மோட்டாரில் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒருவர் இந்த யோசனையைச் சொல்லியிருக்கிறார் என்பதை என்னால் இன்றைக்கும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இரண்டாவது பறப்பில் மூக்கு கழலவில்லை. ராக்கெட் மேலே போனது, புகை நின்றது, கண்ணிலிருந்து மறைந்தது. அவள் ஐந்து எண்ணி முடித்தாள். எதுவும் திறக்கவில்லை. அப்புறம் ஒரு சீழ்க்கைச் சத்தம். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை, ஏனென்றால் எங்கே வருகிறது என்று தெரியவில்லை. அவளை இழுத்து அணைத்துக்கொள்ள மட்டும்தான் நேரம் இருந்தது. சத்தம் நின்றபோது ராக்கெட் மூக்கு மண்ணுக்குள் புதைந்து, குழாய் மடிப்பு மடிப்பாகச் சுருங்கி நின்றது.

அன்று இரவு இரண்டு பறப்பின் வீடியோவையும் மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். சி6 மோட்டார் சுமார் 1.9 வினாடி எரியும். முதல் வீடியோவில் மூக்கு கழன்றது மிகச்சரியாக மருந்து தீர்ந்த அந்தக் கணத்தில். இடையில் இருக்க வேண்டிய ஐந்து வினாடிப் புகைக்கோடு இரண்டிலுமே இல்லை. குழந்தை அன்றைக்கே சொன்னது அதைத்தான்.

மிச்சமிருந்த நான்கு மோட்டார்களை எடுத்துப் பார்த்தேன். மேலே சுற்றியிருந்த தாளின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. நகத்தால் மெல்ல உரித்தேன். அடியில் அச்சிட்டிருந்தது சி6-0. தயாரித்த தேதிக் குறியும் அந்தத் தாளுக்கு அடியில்தான் ஒளிந்திருந்தது. நான்குமே அப்படித்தான்.

பூஜ்யம் என்றால் பூஸ்டர். இரண்டு அடுக்கு ராக்கெட்டில் கீழ் அடுக்குக்கான மோட்டார். அதில் தாமத மருந்தும் கிடையாது, பாராசூட்டைத் தள்ளும் வெடிமருந்தும் கிடையாது. எரிந்து முடியும்போது முன்பக்கமாக நெருப்பு பாய்ந்து மேல் அடுக்கைப் பற்றவைக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. முதல்முறை அந்த நெருப்புதான் மூக்கைத் தள்ளி பாராசூட்டை உருக்கியது. இரண்டாவது முறை டேப் போட்டு இறுக்கியதால் அதுவும் முடியாமல் போனது. அடுக்கு ராக்கெட் கட்டுகிறவர்கள் மட்டுமே வாங்கும் சரக்கு இது. விற்காமல் தேங்கியதைத் தொடக்கநிலைப் பெட்டியில் போட்டுத் தள்ளியிருக்கிறார்கள் என்பதுதான் என் முடிவு. வித்தியாசம் தெரியாதவர்கள் வாங்கும் பெட்டி அது ஒன்றுதானே.

உரித்த தாளின் படத்தை அனுப்பியதும் பேச்சின் தொனி மாறியது. முதலில், அந்தத் தாளை நானே ஒட்டியிருக்கலாம் என்றார்கள். அப்புறம், ராக்கெட்டின் சமநிலை தவறு என்றார்கள். சுழற்றிப் பார்த்த வீடியோவை அனுப்பினேன். பயன்படுத்திய மோட்டாருக்குப் பணம் திரும்பாது என்றார்கள். கடைசியில், நான் போட்ட மதிப்புரையை நீக்கினால் அடுத்த ஆர்டரில் பாதி விலை தள்ளுபடி என்றார்கள். நீக்கவில்லை. இரண்டு நாளில் அது தானாகவே காணாமல் போனது.

பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான். நெருப்பு வெளியேறும் துளை இருக்கும் பின்பக்கம் எல்லா மோட்டாரிலும் ஒரே மாதிரி இருக்கும், அது எதையும் சொல்லாது. திருப்பி முன்பக்கத்தைப் பாருங்கள். ஒற்றை அடுக்கு மோட்டார் என்றால் அங்கே களிமண்ணோ தாளோ வைத்து மூடியிருக்கும். பூஸ்டரில் மூடி இருக்காது, கரிய மருந்து அப்படியே தெரியும். குறியீடு உறையிலேயே அச்சாகியிருக்க வேண்டும். தனியாக ஒட்டிய தாள் இருந்தால் அந்த மோட்டாரை ஏவாதீர்கள். சுரண்டிப் பார்க்கிறேன் என்று மருந்துப் பக்கம் கத்தியோ கம்பியோ கொண்டுபோகவும் வேண்டாம். உறை கலைந்து பிரியும்வரை தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு அப்புறப்படுத்துங்கள். நான் இரண்டை அப்படிச் செய்துவிட்டேன். மற்ற இரண்டைச் சான்றுக்காகத் தகரப் பெட்டியில், நெருப்பும் இக்னைட்டரும் அண்டாத இடத்தில் வைத்திருக்கிறேன்.

அக்கா மகளுக்கு ஏ8-3 வேறு இடத்தில் வாங்கியாயிற்று, முன்பக்கத்தை அவளே ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். ஏவலாமா என்று கேட்டால் இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்கிறாள். நான் வற்புறுத்தவில்லை.

அந்தப் பெட்டி இன்றும் விற்பனையில் இருக்கிறது, பெயரை மட்டும் கொஞ்சம் மாற்றியிருக்கிறார்கள். ஐந்து படங்கள் போட்டிருக்கிறார்கள், ஐந்திலும் மோட்டாரின் பின்பக்கம்தான் தெரிகிறது. வேறொரு கணக்கிலிருந்து முன்பக்கப் படம் கேட்டு எழுதினேன். ஒன்பது நாள் ஆகிறது, பதில் இல்லை.