22-ல் 15: காக்ளியர் இம்பிளாண்டோடு ஏழு வருடம்

2018-ல் என் இடது காதில் காக்ளியர் இம்பிளாண்ட் வைத்தார்கள், ஒலியை மின்துடிப்பாக்கிக் கேட்கும் நரம்புக்கே நேராகக் கொடுக்கும் கருவி. அப்போது எனக்கு 29 வயது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த ஆபரேஷன் அப்போது 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத்தான், அதனால் அம்மாவின் நகையில் பாதி இதற்கே போனது.

உள்காதிலிருந்து போகும் ஒரு சின்னக் குழாய் எனக்குப் பிறவியிலேயே பெரிதாக இருப்பதாக சிடி ஸ்கேனில் தெரிந்தது. உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவைத் திறந்ததும் உள்ளிருந்து நீர் பீறிட்டு வந்திருக்கிறது. கஷர் என்கிறார்கள். காதுக்கு மேலிருந்தே கொஞ்சம் தசை எடுத்து அடைத்து நிறுத்தினார்களாம். தலையை உயர்த்திப் படு, மூக்கைச் சிந்தாதே, தும்மல் வந்தால் வாயைத் திற, முக்காதே என்று வார்டில் பல நாள் இதே பாட்டு. மூளைக்காய்ச்சல் வராமலிருக்க நிமோகாக்கல் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டிருந்தது எவ்வளவு நல்லது என்று அப்புறம்தான் புரிந்தது.

காக்ளியாவுக்குள் செலுத்தும் ஒயரில் மின்துடிப்பு தரும் புள்ளிகள்தான் எலக்ட்ரோடுகள். என் 22 எலக்ட்ரோடுகளில் 5 காக்ளியாவுக்கு வெளியே நின்றுவிட்டன. இதை மருத்துவமனையில் யாரும் சொல்லவில்லை, ஒரு மாதம் கழித்து கருவியை முதன்முதலாக ஸ்விட்ச் ஆன் செய்த அன்று ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொன்னார். அதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு. ஆபரேஷன் முடிந்தவர்கள் எத்தனை எலக்ட்ரோடு உள்ளே போயிருக்கிறது என்று கேட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியே வாங்கிவிடுங்கள்.

முதல் நாள் எல்லாமே கீச்சொலி. காக்ளியாவின் வாசல் பக்கம் கீச்சு ஒலிக்கு, ஆழத்தில் இருக்கும் முனை கனத்த ஒலிக்கு. என் ஒயர் ஆழம் வரை போகாததால் அப்பா பேசினாலும் அணில் கத்துவது போலிருந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன். இன்னொரு தொல்லை, குக்கர் விசில் அடித்தால் இடது கண் துடிக்கும். பெண்ணுக்கு இடது கண் துடித்தால் நல்லதுதானே என்று அம்மா தேற்றப் பார்த்தாள். மின்சாரம் கசிந்து முகநரம்பைத் தூண்டியிருக்கிறது. அடுத்த மேப்பிங்கில், அதாவது எலக்ட்ரோடுகளின் மின்சார அளவைச் சரிசெய்யும்போது, ஆடியாலஜிஸ்ட் ஒவ்வொரு எலக்ட்ரோடாக ஓட்டி, என் கண்ணிமையையே பார்த்துக்கொண்டிருந்து, நடுவில் இரண்டை அணைத்தார். துடிப்பு நின்றது. மிச்சம் 15. 22 பேர் வேலையை 15 பேருக்குப் பங்கு போட்ட மாதிரிதான்.

முதல் வருடம் ஏழு தடவை மேப்பிங். தினமும் காலையில் அம்மா தட்டை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு 'ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ்' என்று சொல்ல, நான் திருப்பிச் சொல்ல வேண்டும். 'ஷ்'ஷும் 'ஸ்'ஸும் பிரிந்து கேட்க எட்டு மாதம் ஆனது. அப்பாவின் குரல் எந்த நாளில் அப்பாவின் குரலாக மாறியது என்று சொல்லத் தெரியவில்லை, ஒரு நாள் கவனித்தபோது அது அவர் குரலாகவே இருந்தது.

இப்போது அமைதியான அறையில், உதட்டைப் பார்க்காமலே, ஒருவர் பேசுவது பெரும்பாலும் புரிகிறது. பஸ்ஸிலும் கல்யாண மண்டபத்திலும் இன்னும் தடுமாற்றம்தான். பாட்டில் தாளம் கிடைக்கும், ராகம் கிடைக்காது. ஒரு காதில் மட்டும் இருப்பதால் யாராவது கூப்பிட்டால் எந்தப் பக்கம் என்று தெரியாமல் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். மழைக்காலத்தில், காதுக்கு வெளியே மாட்டும் பிராசஸரை ராத்திரி ஈரம் போக்கும் டிரை பாக்ஸில் வைக்க மறந்தால் மறுநாள் கரகரப்பு.

ஃபோனில் அம்மாவோடு மட்டும் நன்றாகப் பேசுவேன். ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால் அரை மணி நேரம் போகும். போன வாரம் அவள் பேச்சுக்குப் பின்னால் குக்கர் விசில் கேட்டது. மூன்று. எண்ணிச் சொன்னேன்.